அடைக்கூடையில் ஓர் ஆணி

அம்சவள்ளி சித்தியைக் கண்டால் இடிக்கே நடுக்கம். பெரம்பலூர்ப் பக்கம் கிளம்புகிற மேகம் அரியலூர் எல்லையில் நின்று, "அந்தம்மா வூட்ல இருக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். மின்னல், சித்தி வாசலைத் தாண்டும்வரை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட ஆள் தா.பழூர் பக்கத்தில், எங்கள் அடுத்த வீட்டில், ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறது.

இடியை அடக்க சித்தி வைத்திருக்கிற ஆயுதம் ஒரு துருப்பிடித்த ஆணியும் ஒரு கரித்துண்டும். கோழியை அடை வைக்கும்போது முட்டையோடு இரண்டையும் கூடையில் போட்டுவிடும். இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகாமல் இரும்பும் கரியும் காக்குமாம்.

"அவ்வளவு பெரிய இடி இந்த ஆணியப் பாத்து ஏன் சித்தி பயப்படுது? குத்திட்டா டிடி ஊசி போடணும்னா?"

"பத்தாவதுல ரெண்டு பேப்பர் விட்ட பயலுக்கு இடியப் பத்தி என்னடா தெரியும்? போடா அறிவு."

செல்லப்பன் சித்தப்பா சிமெண்ட் லாரியோடு போனால் எப்போது வருவாரென்று அவருக்கே தெரியாது. சித்திக்குத் துணை தையல் மிஷினும் ஒரு சாம்பல் கோழியும்தான். இந்த வருஷம் இரண்டு தடவை அடை வைத்தும் அத்தனையும் கூமுட்டை. இது மூன்றாவது அடை, அஞ்சே முட்டை. பொரிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. காலையில் ஒரு முட்டையைக் காதில் வைத்துவிட்டு, "உள்ள கொத்துதுடா!" என்று சித்தி கத்தியது. அளவு கொடுக்க வந்த ராசாத்தி அக்கா காதிலும் வைத்தது. அக்கா பழக்கதோஷத்தில் "அலோ" என்றது.

மத்தியானம் காற்று வந்தது. முருங்கை மரம் முறிந்தது, கரண்ட் போனது, கோழி இருந்த சார்ப்பின் தகரம் பறந்தது. பின்னாலேயே இடியும் மழையும். எல்லாம் ஓய்ந்து போய்ப் பார்த்தால் கூடையில் முட்டை இருக்கிறது, கோழி இல்லை.

சித்தி முகம் சுருங்கிப்போனது. "சூடு ஆறுறதுக்குள்ள அவளப் புடிச்சாரணும். சாக்கு போட்டு மூடிட்டு வாடா," என்று சொல்லிக்கொண்டே ஓடியது. மூடவேண்டியதை மூடிவிட்டு நானும் பின்னால் போனேன்.

மழை விட்டதும் நடப்பது எங்களுக்குப் பழக்கம்தான். கரண்ட் இல்லாவிட்டால் மிஷின் மோட்டார் ஓடாது, சித்தி கால் ஓடும். ஒயர் கூடையோடு கிளம்பி, விழுந்த மாங்காய் பொறுக்கும். ஓடைக்கரையை மழை அறுத்துவிட்டால் கல்லாய்ப் போன நத்தைகள் தலைநீட்டும்; அதையும் எடுத்துவந்து, வெட்டுகிற துணி பறக்காமல் மேலே வைக்கும். அன்று ஒயர் கூடையை எடுக்கவே இல்லை. செம்மண்ணில், மழைக்கு மண்ணிலிருந்து வெளிவரும் வெல்வெட் பட்டுப்பூச்சிகள் சிவப்புப் பொத்தான் மாதிரி ஊர்ந்தன. நின்று பார்க்கவில்லை.

எனக்குத்தான் கை, வாய் சும்மா இருக்காதே. புதருக்குப் பின்னால் நின்று, "கொக்... கொக்கொக்" என்றேன்.

"வந்துட்டியாடி என் தங்கம்!" என்று சித்தி புதரை விலக்கியது. என் முகத்தைப் பார்த்தது. "உன்ன அடை வச்ச எங்கக்காவச் சொல்லணும்டா."

ஓடையை ஒரே தாவாகத் தாவிவிட்டு, "தாண்டுடா," என்றது.

"கால் சுளுக்கு சித்தி." பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் மாங்காய். "ரெண்டு பொறுக்கிக்க, உங்கம்மாவுக்கு ஆவும்."

"குனிஞ்சா வயித்த வலிக்குது."

"மாங்காயத் தின்னு வயித்துவலி வரும். பாத்தே வந்தது உனக்குத்தான்."

கொள்ளிடம் பக்கம் இடி ஒன்று உருண்டது. சித்தி சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டேன்.

முந்திரித் தோப்பில் எங்கள் தகரம் ஒரு மரத்தில் சாய்ந்து கிடந்தது. அதற்கடியில் சாம்பல் கோழி, வாடகைக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஓடுனதுதான் ஓடுன, கூரையையும் தூக்கிட்டா ஓடுவ?" சித்தி அதை அள்ளி முந்தானையில் சுற்றிக்கொண்டது. கண் கலங்கியிருந்தது. "டேய், ஓடு!"

"மெதுவா போலாம் சித்தி."

"முட்டை ஆறிடும்டா!"

"ஆறாது."

சித்தி நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தது. சட்டையில், வயிற்றுப் பக்கம், கருப்பாக ஒழுகியிருந்தது.

"என்னடா அது?"

"சேறு."

"செம்மண் ஊர்ல கருப்புச் சேறு எங்கடா வாங்குன? தூக்குடா சட்டைய."

தூக்கினேன். இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டுக்குள் அஞ்சு முட்டையும் என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, சூடாக இருந்தன. பக்கத்தில் நனைந்துபோன கரித்துண்டு. சித்தி ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தது. ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அப்புறம் அதற்குச் சிரிப்பு வந்தது. முந்தானையிலிருந்து கோழி எட்டிப் பார்த்து என்னை முறைத்தது.

அந்த நேரம் பார்த்து, துண்டு ஓரத்தில் செருகியிருந்தது நழுவி 'டங்'கென்று தகரத்தில் விழுந்தது.

சித்தி குனிந்து ஆணியை எடுத்தது.

"முட்டைய எடுத்தாந்தது சரி. இடிக்கெல்லாம் பயப்படாத சாரு, இத எதுக்கு எடுத்தாந்தீங்க?"