தவக்காலத்தில் விட்ட குளிசை

எனக்குக் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே வரும். மீன் நிறுக்கிறவன் தட்டில் விரலை வைத்தால் வரும். பஸ்ஸில் இடம் பிடிக்க சன்னலால் கைப்பையை எறிகிறவர்களைக் கண்டால் வரும். நாற்பத்தேழாவது வயதில் அந்தக் கோபம் வராமல் போனபோது என் வீட்டுக்காரருக்கு முதலில் சந்தோசம். "மனுசி இப்ப அடங்கிட்டா" என்று கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏதோ பிழையென்று அன்றைக்கே யாருக்காவது விளங்கியிருக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது கற்பிட்டிப் பக்கம், கடலோரத்தில். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் அம்மாவோடு வந்து இறங்கியவள் நான். வந்த இடத்திலேயே கலியாணம், வந்த இடத்திலேயே பிள்ளைகள், அம்மாவை அடக்கம் பண்ணியதும் இதே மண்ணில்தான். யுத்தம் முடிந்து எத்தனையோ வருசமான பிறகும் என் உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கடலில் ஓர் என்ஜின் சத்தம் மாறினால் கையில் இருப்பது கீழே விழும். வெடி கொளுத்துகிற பெருநாள்களில் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நித்திரை என்றால் பேருக்குத்தான்.

எனக்கு வேலை கருவாட்டு வாடியில். மீனை வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்து, புரட்டி, கட்டிக் கொடுக்க வேண்டும். உப்புத் தூசியும் வெயிலும் வருசக்கணக்காக நெஞ்சுக்குள் போய் மூச்சு முட்டத் தொடங்கியது. அதோடு மூட்டு நோவு. அப்போது எனக்கு வழி காட்டியவர், எங்களிடம் கருவாடு வாங்கி மதுரங்குளியில் விற்கிற ஒரு முஸ்லிம் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் ராத்தா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவருக்கும் இதே மூச்சுமுட்டுத்தான்.

"நான் குடிக்கிற குளிசைய குடிச்சிப் பாருங்க தங்கச்சி. ஒரு கெழமையில எழும்பி ஓடுவீங்க" என்றார்.

ஒரு தனியார் டிஸ்பென்சரியில் மாத்திரைகளை எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பார்கள். உறையில் மருந்தின் பெயர் இருக்காது. காலையில் சாப்பிட்ட பிறகு போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். ராத்தா பொய் சொல்லவில்லை. மூச்சு திறந்தது, மூட்டு நோவு போன இடம் தெரியவில்லை. அதைவிட, எனக்குள் யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள். விடிய எழும்பி முற்றம் கூட்டி, வாடிக்குப் போய், திரும்பி வந்து அலுமாரியை இறக்கி அடுக்கினேன். பசி பசியாய் வந்தது. முகம் உருண்டு கன்னம் வைத்தது. "நல்லா வெளுத்துக் கொழுத்துட்டாய்" என்று கோயிலடியில் பெண்கள் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வருசம் ஒன்றுக்கு மேல் அந்த உறை எங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

பிறகு தவக்காலம் வந்தது. விபூதிப் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருநாளான பாஸ்கா வரைக்கும் ஆளுக்கு ஒன்றை ஒறுத்து விடுவது எங்கள் கத்தோலிக்க வழக்கம். ஊரில் பெரும்பாலும் இறைச்சியை விடுவார்கள். கடற்கரையில் இருந்துகொண்டு இறைச்சியை விடுவது என்ன ஒறுத்தல்? மற்ற நாளில் மட்டும் தினமும் இறைச்சியா சமைக்கிறோம்? ஆம்பிளைகள் சாராயத்தை விடுவதாகச் சொல்லி, விட்டுவிட்டோம் என்று சொல்வதையும் இரண்டாம் கிழமையிலேயே விட்டுவிடுவார்கள். நான் அப்படியில்லை. உனக்கு எது மிகவும் பிரியமோ அதைக் கொடு என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். எனக்குப் பிரியமானது எதுவென்று யோசித்தேன். அந்தக் குளிசைதான். உறையைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.

முதல் சில நாள் களைப்பு. ஒறுத்தல் என்றால் களைக்கத்தானே வேண்டும் என்று இருந்தேன். பிறகு மூட்டெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி நொந்தது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது, எழும்பினால் தலை சுற்றியது. ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. ஒரு காலை, தலை வாரச் சீப்பை எடுத்தேன். வாரி என்ன செய்ய என்று தோன்றியது. சீப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். வீட்டுக்காரர் கடலால் வந்தபோதும் அப்படியேதான் இருந்தேன். துக்கமா என்றால் துக்கமும் இல்லை. துக்கம் வருவதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். மகள் வெளியூரிலிருந்து போன் எடுத்தால் அந்தக் குரல் எப்போது நிற்குமென்று காத்திருந்தேன். பெற்ற பிள்ளையின் குரல். செத்துப்போவது நல்லது என்று நினைத்தேன். அதற்கும் எழும்ப வேண்டுமே என்று சலித்துப் படுத்தேன்.

வீட்டுக்காரர் பாவம். பாண் வாங்கி வந்து, பருப்பு என்று எதையோ கரைத்து வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார்.

"நான் என்ன செய்தன் உனக்கு? ஏசவாவது ஏசன்" என்றார் ஒருநாள்.

ஏச வாயில் ஒரு சொல்லும் இல்லை. ஆண்டவர் சோதிக்கிறார் என்று ஊரில் சொன்னார்கள். விசுவாசக் குறைவு என்றும் சொன்னார்கள். இரண்டையும் சொன்னது ஒரே ஆட்கள்தான்.

ராத்தா கேள்விப்பட்டு, ஒரு பை ஈச்சம்பழத்தோடு பஸ் பிடித்து வந்தார். என் கையைத் தடவிக்கொண்டு, குளிசையை விட்ட கதையைக் கேட்டார்.

"நல்ல வேல செஞ்சீங்க. எந்த நாளும் மருந்தா? எனக்கும் பிறை கண்டா நோன்பு. நானும் உட்டுருவன். நோன்பு உடம்ப சுத்தமாக்கும்."

அந்த வருசம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருந்தன. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஓம் என்றேன். அவர் எப்போது போனார் என்பது நினைவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விடியக்காலையில் கிணற்றடியில் விழுந்துவிட்டேன். புத்தளத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சிலாபம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிங்கள டொக்டரம்மா. என் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே அவவுக்கும் கறுப்பு. என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தா.

"அம்மா என்ன குளிசை குடிக்கிற?"

"ஒண்டும் குடிக்கிறதில்ல."

"முந்தி?"

முந்தி என்று ஒருவரும் கேட்டதில்லை. சொன்னேன். ஆண்டவருக்காக விட்டதையும் சொன்னேன். அவ பேனையை மூடி வைத்தா. பிறகு சேலைனும் ஊசியும் போடச் சொன்னா. அடுத்த நாள் கட்டிலடிக்கு வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினா.

சிறுநீரகத்துக்கு மேலே ஆளுக்கு இரண்டு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். பயம் வந்தால், நெருக்கடி வந்தால், ஓடவும் நிற்கவும் பலம் தருகிற சாமானை அதுதான் இரத்தத்தில் விடுகிறதாம். கோர்ட்டிசோல் என்று பெயர். பயமில்லாத நாளிலும் விடிவதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கினால்தான் மனிதர் பாயை விட்டு எழும்ப மனம் வருமாம். நான் விழுங்கிய குளிசையும் அதே சாதிதான்.

"வெளியில இருந்து நிறைய வந்தா, சுரப்பி நித்திரைக்கு போற. அம்மா திடீரெண்டு நிப்பாட்டின. இப்ப வெளியிலயும் இல்ல, உள்ளுக்கும் இல்ல. உடம்பு விழுற, மனசும் விழுற. செத்துப் போகவும் ஏலும்."

"அப்ப எனக்கு வந்தது மனவருத்தமில்லையா?" என்று கேட்டேன்.

"மனவருத்தம்தான். ஆனா எவ்வளவு குளிசையால, எவ்வளவு அதுக்கு முந்தி என்று எனக்கு சொல்ல ஏலாது. கன வருசம் பயத்துல இருந்தா அந்த சாமான் கூடியே நிக்கிற. அப்படி நிண்டாலும் மனசு களைச்சுப் போற. இந்த வயசுல பொம்பிளைகளுக்கு இன்னும் கூட."

எனக்கு ஆறுதலாக இருந்தது. உடனேயே ஆத்திரமாகவும் இருந்தது. வள்ளத்தில் வந்தது, அம்மாவைப் புதைத்தது, சத்தத்துக்குச் சத்தம் திடுக்கிட்டு வாழ்ந்தது எல்லாம் ஒரு துளிச் சாமானின் கூடுதல் குறைச்சலா? என் துயரத்தில் எனக்கென்று ஒரு பங்கும் இல்லையா? அன்று காலை தந்த பாணுக்குச் சம்பல் உறைப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. இதை மனிசர் தின்னுவினமா என்று தட்டைத் தள்ளினேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

வீட்டுக்கு விடும்போது டொக்டரம்மா குளிசையைக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மாதக்கணக்கில் போகும் என்றா. "வேற ஆரும் இத குடிக்கிறவங்க இருந்தா சொல்லுங்க. திடீரெண்டு நிப்பாட்ட வேணாம்."

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் ஈச்சம்பழப் பை நினைவுக்கு வந்தது. பிறை கண்டு நோன்பு தொடங்கி இரண்டாவது கிழமை போய்க்கொண்டிருந்தது. உடனே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். அவருடைய மகள்தான் பேசினாள்.

"உம்மா படுத்திருக்காங்க மாமி. நோன்புக் களப்பு. ரெண்டு நாளா எழும்பவே இல்ல."

மதுரங்குளிச் சந்தியில் இறங்குவோம் என்றேன். "உனக்கே நிக்க ஏலாது" என்றார் வீட்டுக்காரர். நான் அவரைப் பார்த்த பார்வையில் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு இறங்கினார்.

அறைக்குள் ராத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்தப் படுக்கையை எனக்குத் தெரியும். உதடு வெடித்திருந்தது. விடியுமுன் ஸஹருக்குச் சாப்பிட்டதும் வாந்தியாகப் போய்விட்டதாம்.

"ராத்தா, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"வாணாம் தங்கச்சி. எனக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்ல. சோம்பல். தொழவும் மனசில்ல. நோன்புல இப்பிடி நெனைக்கிறது எவ்வளவு பாவம்."

"பாவமில்ல. சோம்பலுமில்ல. நீங்க விட்ட குளிசை. எனக்கும் இதுதான்."

அவர் திரும்பவில்லை. மகள் தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்றாள். நோயாளி நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம் என்று மார்க்கத்திலேயே இருக்கிறது உம்மா என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"நான் ஆண்டவருக்கெண்டு விட்டன். நீங்க அல்லாஹ்வுக்கெண்டு விட்டீங்க. ரெண்டு பேரும் கேட்டவையா எங்களிட்ட? கேட்காததக் குடுத்திட்டுக் கிடந்து சாகிறதா? எழும்புங்க."

அந்த அறையில் அப்படிச் சத்தம் போட எனக்கு எந்த உரிமையும் இல்லை. மகள் பயந்துபோனாள். ராத்தா மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏச வருது" என்றார். "அன்டைக்கு வந்தப்ப நீங்க பேசவே இல்ல."

"ஓம். திரும்பி வந்திட்டுது."

அவர் கையை நீட்டினார். மகள் கோப்பையைக் கொடுத்தாள். நானும் சேர்த்துப் பிடித்தேன். இரண்டு மிடறு குடித்தார்.

ஓட்டோவில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டொக்டரம்மா எழுதித் தந்த துண்டுக் கடதாசியைக் காட்டி நடந்ததைச் சொன்னோம். உடனே சேலைன் ஏற்றினார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து விழுந்து படுத்தேன். அடுத்த நாள் முழுக்க ஒரு தகவலும் இல்லை. போன் எடுக்கவும் பயமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் போன் அடித்தது. ராத்தாவின் குரல். சலாமும் இல்லை, சுகமா என்றும் இல்லை.

"ஏன் தங்கச்சி, கடசியா கட்டித் தந்த கருவாட்டுக்கு உப்பே போடலயா நீங்க? மகள் மூட்டயப் பிரிச்சிப் பாத்தாளாம், அரவாசி புழுத்துப் போச்சி. நான் மனுசர்ட மொகத்துல முழிக்க வாணாமா? படுத்துக் கெடந்தா என்ன வேணும்டாலும் தள்ளிவிடலாம்னு நெனச்சீங்களா?"

நிறுத்தாமல் ஏசினார். கருவாட்டுக்கு உப்பு நன்றாகவே போட்டிருந்தேன். காற்றுப்படாமல் மூட்டையை மூடி வைத்தது அவர்தான். எனக்குக் களைப்பாக இருந்தது, போனைப் பிடித்த கை நொந்தது. வீட்டுக்காரர் ஆர் என்று கண்ணால் கேட்டார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, போனில் அவர் ஏசி முடிக்கும் வரைக்கும் ஓம் ராத்தா, ஓம் ராத்தா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.