தம்பியின் இடது கையும் ஒரு கிட்டாரும்

தம்பியின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவனுடைய ஒரே அக்காவான நான் எழுதுகிறேன். மறைந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை என்று இந்த நினைவு மலரை அச்சடிக்கும் அச்சகத்தில் சொன்னார்கள். அவனை இடுப்பில் தூக்கி வைத்துச் சோறூட்டியவள் நான். எனக்கு ‘அவன்’ என்றுதான் வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி தா.பழூருக்குப் பக்கத்தில், நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தான். பிறவியிலேயே இடது கைக்காரன். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போன பிறகு அவனைத் திருத்துகிற வேலை என்னிடம் வந்தது. இடது கையைச் சோற்றில் வைத்தால் அடிப்பேன். சிலேட்டில் இடது கையால் எழுதினால், அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிவிடுவேன். ஒரே வருஷத்தில் மாறிவிட்டான். “அக்காதான் திருத்துனா” என்று அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார்.

ஐ.டி.ஐ. படித்துவிட்டு, பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தான். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயியை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்ப மாட்டான். பயிர் காயுமே என்பான். அப்பா, அம்மா இருவரையும் கடைசிவரை தன் வீட்டில் வைத்துப் பார்த்தவனும் அவன்தான். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

கிட்டார் அவனிடம் வந்தபோது முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தான். துபாய் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட லப்பைக்குடிக்காட்டு நண்பர் ஒருவர், தான் வாங்கி வாசிக்காமலே வைத்திருந்ததைக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் திருச்சியில் ஒரு கிட்டார் வகுப்புக்கு பஸ் ஏறினான். இரண்டு வருஷம் போனான். இடது கை விரல்கள் தந்தியை அழுத்த வேண்டும், வலது கை மீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவனுக்குத் தாளம் நிற்கவே இல்லை. பின்னால் வந்து சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள்கூட அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

“எனக்கு வராதுக்கா. என் கை மரக்கட்ட” என்றான் ஒருநாள் போனில்.

“இந்த வயசுல உனக்கு எதுக்குடா அது?” என்றேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, அரியலூரில் என் வீட்டுக்குக் கிட்டாரோடு வந்தான். முகமே வேறாக இருந்தது.

“கடையில கம்பி சுத்துறப்ப இப்பதான் கவனிச்சேன்க்கா. நான் இடது கையாலதான் சுத்துறேன். இத்தன வருஷமா. யாரும் பாக்காத எடத்துல கை அதுவா மாறிக்கிட்டிருக்கு.”

தந்திகளை எல்லாம் கழற்றி, வரிசையை மாற்றிப் பூட்டியிருந்தான். தந்தி உட்காரும் பள்ளங்களைச் சின்ன அரத்தால் ராவித் திருத்தியிருந்தான். வகுப்பை விட்டாயிற்று, புத்தகத்தையும் மூடியாயிற்று. நன்றாகக் கட்டிய மோட்டார் ஒரே சுருதியில் ஓடுமாம். அந்தச் சத்தத்துக்கு ஒரு தந்தியைக் கூட்டி, மற்றதை எல்லாம் அதற்கு இசைவாகக் கூட்டிக்கொண்டானாம். கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, இடது கையால் மீட்டினான். தாளம் அசையவில்லை. அவனே கட்டிய மெட்டு. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

சமையலறை வாசலில் நின்றிருந்தேன். காது கேட்டதைவிடக் கண் அந்தக் கையில்தான் இருந்தது. “நாலு பேரு முன்னாடி இப்படி வாசிக்காதடா” என்றேன். சிரித்துவிட்டு உறையில் போட்டுக்கொண்டான்.

அந்தச் சந்தோஷம் மூன்று வருஷம்கூட இருக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்கி, நினைவு தெளியாமல் கிடந்தான். தம்பி மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம், டாக்டர் என்னிடம் வந்தார்.

“டயாலிசிஸ் ஊசி போடறதுக்குக் கையில ரத்தக்குழாய இணைக்கணும்மா. அதிகம் பழக்கமில்லாத கையிலதான் செய்வோம். அவருக்கு எந்தக் கைப்பழக்கம்?”

“வலது கைதாங்க” என்றேன்.

இடது முழங்கையில் ஆபரேஷன் செய்தார்கள். நினைவு தெளிந்து கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தவன், “ஏன்க்கா இந்தக் கையில?” என்றான். டாக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வாரம் மூன்று நாள் அந்தக் கையில்தான் ஊசி. கை எந்நேரமும் சில்லிட்டிருக்கும். விரல்கள் மரத்துப்போயின. சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார்கள். மாற்றிச் செய்ய முடியுமா என்று கேட்டோம். இதயம் பலவீனமாக இருக்கிறது, இன்னொரு ஆபரேஷன் தாங்காது என்றார்கள். தம்பி தந்திகளைப் பழையபடி மாற்றிப் பூட்டி, திருச்சியில் சொல்லிக் கொடுத்த மாதிரியே பிடித்துப் பார்த்தானாம். மரத்த விரலால் தந்தியை அழுத்தவும் முடியவில்லை. “கண்ணுல படாத எடத்துல வச்சிடு” என்று மனைவியிடம் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தான். கிட்டார் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. என்னையும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு நாள் காலை, டயாலிசிஸுக்குப் புறப்பட்டுச் சட்டை போடும்போது உயிர் பிரிந்தது.

வாரத்தில் அந்த மூன்று நாளும் தவறாமல் ஆட்டோவில் அழைத்துப் போய், முடியும்வரை காத்திருந்து கூட்டி வந்தவருக்கும், வலிக்காமல் ஊசி போடப் பாடுபட்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், கடையைப் பூட்டாமல் நடத்திக் கொடுத்த லப்பைக்குடிக்காட்டு நண்பருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தம்பி மனைவிக்கு நன்றி சொல்ல மட்டும் எனக்கு வாய் எழவில்லை. நடந்தது தெரிந்தும் என்னை இன்றுவரை “அண்ணி” என்றே கூப்பிடுகிறாள்.

ஆறுதல் சொல்ல வருகிற எல்லோரும், “தெரியாமத்தானே சொன்னீங்க” என்கிறார்கள். எனக்குத் தெரியும். அவன் எந்தக் கையால் மீட்டினான் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். டாக்டர் கேட்டபோது அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.