கீழே இறங்கிய கோடு

பாதியில் நின்ற படிப்பை, கல்யாணமாகி அதுவும் முறிந்த பிறகு, மாலை வகுப்பில் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து முடித்தாள். படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன இடது காலோடு, குன்றின் உச்சியிலிருந்த வேலைக்குத் தினமும் ஏறி இறங்கினாள். “இந்தக் காலை வச்சுக்கிட்டு குன்று சரிப்படாதும்மா” என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிய நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் மூன்றாவது தடவை வேலை வாங்கினாள். தரை துடைக்கத்தான் எடுத்தார்கள். துடைத்த கை, அதிர்வை முள் கோடாக வரைகிற உருளைக்குத் தாள் சுற்றக் கற்றுக்கொண்டது. கண் அந்தத் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

வீட்டில் அவளுக்கு நத்தை என்று பெயர். வைத்தவன் அண்ணன். அவன் அந்தக் குன்றுக்கு எதிர்ப்புறம், சமவெளியைத் தாண்டியிருந்த கல்குவாரியில் வேலை பார்த்தான். வெடி வெடித்ததும் முதல் ஆளாகப் பாறை முகத்துக்குப் போய், வெடிக்காமல் எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். அவன் கொடி அசைந்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே வருவார்கள்.

சாப்பிடும்போது நத்தை தன் வேலையைப் பற்றிப் பேசுவாள். மழைக்கு உப்பிப்போன கதவைத் தள்ளுவது மாதிரியாம் நிலநடுக்கம். பூமிக்குள் இரண்டு பாறைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நகர முடியாமல் சிக்கி நிற்கும். வருஷக்கணக்காக அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் சிக்கல் விட்டுப்போய்ச் சடாரென்று வழுக்கும். கதவு திறந்துகொள்ளும்போது சுவர் அதிருமே, அதுதான் நமக்கு வந்து சேர்கிற ஆட்டம்.

“அப்ப பூமிக்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டா போதுமே” என்றான் அண்ணன்.

அவள் கண்டுகொள்ளவில்லை. அந்த அதிர்ச்சி இரண்டு அலைகளாகக் கிளம்பும் என்றாள். முதல் அலை பஸ் வரிசையில் பின்னாலிருந்து வருகிற இடி மாதிரி: ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், இடி மட்டும் ஒவ்வொருவராகக் கடந்து முன்னால் போய்விடும். அது வேகமானது. இரண்டாவது, துணிக்கொடியின் ஒரு நுனியை உதறினால் நெளிந்து ஓடுவதைப் போன்றது. பின்தங்கித்தான் வரும், ஆனால் ஆட்டம் பலமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் அதிர்ச்சி எத்தனை தூரத்தில் பிறந்தது என்று தெரிந்துவிடும்.

“ரெண்டாவது நம்ம ஆளுண்ணா. லேட்டா வந்தாலும் வீட்டைச் சாய்க்கிறது அதுதான்” என்பாள்.

நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தாளைப் படித்தவர் அதன் ஓரத்தில் மையால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளுக்கு அவர்தான் பொறுப்பு. நத்தைக்கு அந்த உரிமை இல்லை. அவள் படித்துச் சொல்வாள், ஆபீசரம்மா போடுவார். இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை யாரும் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. குவாரியில் தினமும் மத்தியானம்தான் வெடி. அதனால் தாள் சுற்றும்போதே மத்தியானக் கோடு வருகிற இடத்தில் பென்சிலால் ‘குவாரி’ என்று எழுதிவைத்துவிடுவார்கள். எழுதுகிறவளும் அவள்தான்.

அந்த வாரம் நிலம் சும்மா இருக்கவில்லை. சின்னச் சின்ன நடுக்கங்கள், தம்ளர் தண்ணீர் சிலிர்க்கிற அளவுக்கு. முந்தின நாள் மழையும் பெய்திருந்தது.

மத்தியானம் முள் துள்ளியது. எழுதிவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கோடு விழுந்தது. ஆபீசரம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றாள் நத்தை.

கோடு முதலில் கீழே இறங்கியிருந்தது. வெடி என்றால் பாறையை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். எங்கே நின்று பார்த்தாலும் முள் முதலில் மேலேதான் ஏற வேண்டும். பாறை வழுக்கினால் அப்படியில்லை, ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும். இது இழுத்திருந்தது. இரண்டு அலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியும் குவாரி வெடிக்கு எப்போதும் இருப்பதைவிட அகலம்.

ஆபீசரம்மா முந்தின நாள் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோடு ரொம்பச் சின்னது, வெளியே காற்றில் விளக்குக் கம்பம் ஆடினால்கூட முதல் அசைவு தப்பாகத் தெரியும் என்றார். அது நியாயமான சந்தேகம்தான். நத்தைக்கும் நிச்சயமில்லை. ஆனால் இது வெடி இல்லையென்றால், இன்றைய வெடி எங்கே? தாளில் வேறு கோடு எதுவும் இல்லை.

அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. குவாரியில் திரியைப் பற்றவைத்துவிட்டு வளைவுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்கு ஓடிவந்துவிடுவார்கள். அங்கிருந்து பாறை முகம் தெரியாது. நிலம் அதிர்ந்து அடியில் டும் என்று கேட்டால் வெடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நனைந்த பாறையில் தூசி எழாதது யாருக்கும் விநோதமாகப் படாது. ஈரமான திரி உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். அண்ணன் கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான்.

நிலையத்திலிருந்து வெளியே தகவல் சொல்ல மேலிடத்து அனுமதி வேண்டும். முன்பு ஒரு தடவை ஆட்டம் வருமென்று தப்பாகச் சொன்னதால் ஊரே ராத்திரி தெருவில் படுத்திருந்தது. ஆபீசரம்மா அவள் முகத்தைப் பார்த்தார்.

“தப்பாப் போனா ரெண்டு பேரும் வாங்கிக் கட்டிக்குவோம்” என்று சொல்லிப் போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

குவாரிக் கணக்கர் எடுத்தார். “யாரு, நத்தையா? அண்ணன் சோத்துல உப்பு போட மறந்துட்டியா?”

“அண்ணனை நிறுத்துங்க. வெடி இன்னும் வெடிக்கல.”

“என்னம்மா நீ, இங்க நாற்காலியே ஆடிச்சு.”

“ஆட்டினது வெடியில்ல சார், நிலநடுக்கம். திரி உள்ள இருக்கு. ஓடுங்க.”

ரிசீவர் மேஜையில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம், தூரத்தில் ஒரு கத்தல். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நத்தை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு முள்ளையே பார்த்தாள். அது நேர்கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட ஓட அவளுக்குத் தான் சொன்னது தப்போ என்று ஒரு பக்கமும், தப்பாகவே இருக்கட்டும் என்று இன்னொரு பக்கமும் மனசு அடித்துக்கொண்டது.

காதில் படீரென்று வெடித்தது. குவாரி ஆபீசில் கண்ணாடி நொறுங்குவது கேட்டது. ஆபீசரம்மா உருளையைக் காட்டினார். முள் இன்னும் அசையவில்லை. போன் கம்பியில் வந்த சத்தத்தைப் பாறை வழியாக வந்த அலை பிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு முள் துள்ளியது. மேலே.

கோட்டைப் பார்த்தும் அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அண்ணன் எங்கே நிற்கிறான் என்று கோடு சொல்லாது.

ரிசீவரில் யாரோ இருமினார்கள்.

“ஏ நத்தை.”

அண்ணன் குரல்தான்.

“வளைவுகிட்ட போயிட்டேன். இந்தக் கணக்கன் பின்னாடியே ஓடிவந்து சட்டையைப் பிடிச்சுக் கிழிச்சுட்டான். சாயங்காலம் தச்சுக் குடு.”

“நீயே தச்சுக்கோ” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஆபீசரம்மா அழிரப்பரை எடுத்து, முன்கூட்டியே எழுதியிருந்த ‘குவாரி’யை அழித்தார். அதை இரண்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் நத்தையையே எழுதச் சொன்னார். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் ‘நிலநடுக்கம்’ என்று எழுதினாள். அன்றிலிருந்து அங்கே யாரும் எதையும் முன்கூட்டி எழுதுவதில்லை. கடைசியில் ஆபீசரம்மா தன் மைப்பேனாவின் மூடியைக் கழற்றி, தாளின் ஓரத்தைக் காட்டி, “படிச்சது நீதானே” என்றார்.

அவள் போட்ட கையெழுத்தில் கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அதற்கடியில் தேதி தெளிவாகவே இருக்கிறது: 1988 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை.