மச்சானின் வலது கை

தூண்டில் நூல் விர்ரென்று இழுபட்டபோது எனக்கு மனைவியின் நினைவுதான் வந்தது. பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. பால் போதவில்லை, சுறாப் புட்டு கொடுத்தால் ஊறும் என்று காரைக்குடி வீட்டில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொண்டிக் கடலில் கயாக் என்னும் ஒற்றை ஆள் துடுப்புப் படகில் உட்கார்ந்திருந்த எனக்கு, மாட்டியிருப்பது சுறா என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை.

பக்கத்துக் கயாக்கில் மச்சான் இருந்தார், என் மனைவியின் அண்ணன். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் கயாக்கில் போய் மீன் பிடிக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்து என்னையும் இழுத்துவிட்டவர். பெரிய சுறா மாட்டினால் காலைத் தண்ணீரில் தொங்கவிடக் கூடாது, மேலே ஏற்றக் கூடாது, கயாக்கோடு சேர்த்துக் கட்டவே கூடாது, தண்ணீரிலேயே வைத்து தூண்டில் முள்ளுக்கு அருகில் நூலை வெட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கரையிலேயே ஒப்பிப்பார். நான் கேலி செய்வேன். அன்று மேலே வந்த சுறா என் கயாக்கில் பாதிக்கு மேல் நீளம் இருந்தது.

“வெட்டி விட்டுருங்க மாப்ள. இது புட்டுக்கு ஆகாது, அதுக்குச் சின்னப் பால்சுறாதான் வேணும்,” என்றார்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக எனக்கு மனமில்லை. வாலில் சுருக்கை மாட்டிக் கயிற்றைக் கயாக்கில் கட்டினேன். அது துள்ளியதும் கயாக் சாய்ந்தது. நான் கவிழ்ந்துவிடக் கூடாதே என்று மச்சான் ஒட்டி வந்து கயிற்றை அறுத்தார். அறுபடுவதற்குள் சுறா வளைந்து திரும்பி அவர் வலது கையைக் கவ்விவிட்டது.

இரண்டு விரல்கள் போயின, மற்றவை இன்றுவரை சரியாக மடங்குவதில்லை. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவருக்கு விரல்தான் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் என் மனைவி அழுதுகொண்டே என்ன நடந்தது என்று கேட்டபோது, நான் வாயைத் திறக்குமுன் அவரே முந்திக்கொண்டார்.

“நான்தான் அவசரப்பட்டுக் கையை விட்டுட்டேன். மாப்ள வேணாம்னுதான் சொன்னாக.”

தனக்குப் புட்டு அவிக்கப் போய் அண்ணன் கை போனது என்று தெரிந்தால் பச்சை உடம்புக்காரி தாங்கமாட்டாள் என்று நினைத்திருப்பார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் இருந்துவிட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை. என் கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேடிப் பயனில்லை.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. கடையை மூடிவிட்டு ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் மச்சான் போன வாரம் சாப்பிட வந்திருந்தார். இடது கையில் கரண்டியைப் பிடித்து அவர் சாப்பிடுவதைப் பார்த்து, மாமாவின் கை எப்படி இப்படி ஆனது என்று மகள் கேட்டாள். மனைவி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“உங்க மாமாவுக்குச் சொல்பேச்சுக் கேக்குற பழக்கமே கிடையாது. உங்க அத்தா அன்னைக்கு எவ்வளவோ சொல்லியிருக்காக.”

மச்சான் ஆமாம் என்று தலையாட்டினார். மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.