எலும்பு மச்சை பொருந்தின பிள்ளையின்ர தாய்

என்ர மகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏத்த வேணும். அந்த வார்ட்டில பக்கத்துக் கட்டில் பிள்ளையின்ர தாயை எனக்குப் பிடிக்காது. கொட்டாஞ்சேனை முஸ்லிம் மனிசி. வட்ட முகம், எப்பவும் சிரிப்பு. நர்ஸ் ஏசினாலும் ரத்தப் பையைக் கன்னத்தில வைச்சு, குளிர் விட்டிட்டுதோ எண்டு பார்த்துப்போட்டுத்தான் ஏத்த விடுவா.

நான் தாய்மாமன்ர மகனைக் கட்டினனான். வெளி ரத்தம் கலக்காத குடும்பம் எண்டு எனக்குப் பெருமை. எங்கள் இரண்டு பேரின்ர ரத்தத்திலயும் ஒரே பரம்பரைக் குறை ஒளிச்சிருந்து, பிள்ளையில இரண்டும் சேர்ந்திட்டுது எண்டு டொக்டர் சொன்னார். ஒரு பங்கு மட்டும் இருந்த ஆக்கள் முந்தி மலேரியாக் காய்ச்சலுக்குத் தப்பினவையாம். அதாலதான் அந்தக் குறை அழியாமல் எங்கள் வரைக்கும் வந்ததாம்.

இதைப் பக்கத்துக் கட்டில் தாய்க்குச் சொன்னன். "அப்ப மூத்தவங்க தப்பினதுக்கு நம்மட புள்ளைகள் ஊசி குத்திக்கொள்ளுது, என்ன அக்கா?" எண்டு சிரிச்சா.

அவவும் மச்சானைத்தான் கட்டினவ. ஆனா அவவின்ர மகளுக்குத் தமையன்ர எலும்பு மச்சை பொருந்திட்டுது. அதை ஏத்தினாப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ரத்தம் தேவைப்படாதாம். என்ர மகன்ர மச்சை தங்கச்சிக்குப் பொருந்தேல்லை. எனக்கு வயிறு எரிஞ்சுது.

மச்சை ஏத்தப் போறதுக்கு முதல் அவ வந்து என்ர கையைப் பிடிச்சா. "அக்கா, ஒங்கட கோயில்ல என்ட மகளுக்கும் கேளுங்க."

வெள்ளவத்தையில பிள்ளையாரிட்டக் கேட்டனான். முதல்ல என்ர பிள்ளைக்கு, பிறகுதான் அவவின்ர பிள்ளைக்கு. என்ர முகத்தில இருந்த எரிச்சலை அவ கட்டாயம் கண்டிருப்பா. அதுக்குப் பிறகும் ஏன் என்னட்டக் கேட்டவ?