துடைத்த படத்தில் இல்லாத வெடிப்பு

பூரணி படம் எடுக்கப் பழகியது லயத்துக் காம்பராக்களில்தான், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளில். சவுக்குமலைத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பெண்பிள்ளை பெரியவளானால், தண்ணீர் ஊற்றி முடியும்வரை ஆண்கள் உள்ளே போவதில்லை. தலவாக்கலையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கிய பழைய கெமராவோடு பூரணி அந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள். கணவன் சுமன் இன்னும் கொழும்பில்தான் இருக்கிறான். மாமியார் சண்முகவடிவோடும் மகள் கேஷிகாவோடும் பூரணி மேற்பிரிவு லயத்தில் இருந்தாள்.

லயத்துக் காம்பராவில் வெளிச்சம் என்பது ஒரு மங்கல் பல்பு. பிளாஷ் போட்டால் பிள்ளையின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வரும். அதனால் பூரணி கெமராவில் ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை ஏற்றிவைப்பாள். நல்ல வெயிலுக்கு நூறு போதும். அவள் ஆறாயிரத்து நானூறு வரை போவாள். எண்ணை ஏற்றினால் படம் வெளிச்சமாகும். ஆனால் கெமராவுக்குள் போகும் ஒளி அதனால் ஒரு துளியும் கூடுவதில்லை. மழை நாளில் ரேடியோ சரியாக எடுக்காதபோது சத்தத்தைக் கூட்டினால், பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் கூடுமல்லவா? அப்படித்தான். படத்தில் அந்த இரைச்சல் மணல் தூவியது போலப் புள்ளிப் புள்ளியாக வரும். அதைப் பூரணி பிறகு கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவாள். துடைக்கும் கருவிக்குப் புள்ளி எது, தழும்பு எது என்று தெரியாது. இரண்டையும் வழித்துவிடும். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

"ஏன் பூரணி, எங்க புள்ள மொகத்துல இருந்த அம்மைத் தழும்பு எங்க போச்சு?" என்று ஒரு தாய் கேட்டாளாம்.

"கெமரா தின்னுருச்சுக்கா."

"அப்ப என்னையும் ஒண்ணு எடு. இந்த வயித்தையும் திங்கட்டும்."

போன ஐப்பசி மழையில் அவர்களுடைய பின்காம்பராச் சுவரில் வெடிப்பு விழுந்தது. லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு, அதற்கு மேல் தேயிலை. தோட்டத்து ஆபீசில் சொன்னார்கள், ஆள் வந்து சிமெந்து பூசினான். பூசிய இடத்திலேயே மறுபடி வெடித்தது. நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் மழை அளந்து எழுதியவன். அந்த மாதம் பெய்தது பெரிய மழை அல்ல, ஆனால் விடாத மழை. மண்ணுக்கு ஆகாதது அதுதான்.

வெடிப்புக்குப் பயந்து முதலில் இறங்கியவள் கடைசிக் காம்பரா அன்னம்மா. கினிகத்தேனையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் அசையவில்லை. சண்முகவடிவு வெளிப்படையாகவே சொன்னாள்:

"கடுதாசி இல்லாம எறங்க மாட்டேன். இன்னைக்கு எறங்குனா நாளைக்குக் காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. பொறவு எங்க போய் நிக்கிறது?"

இடம் அபாயம், வேறு இடம் தரவேண்டும் என்று எழுதிய அந்தக் கடுதாசி கிடைக்க, மண் பரிசோதிப்பவர்கள் வந்து பார்க்கவேண்டும். அவர்களை அனுப்பிவைக்கும் அதிகாரி வினோஜன் என்ற இளைஞன். வெடிப்பு தெரியும்படி படம் அனுப்பச் சொன்னான். எத்தனையோ மேடுகள் காத்திருந்தன. படத்தைப் பார்த்துத்தான் எது முதலில் என்று தீர்மானித்தார்கள்.

பூரணி பின்காம்பராவுக்குள் போய், பழக்கப்படி எண்ணை ஆறாயிரத்து நானூறில் வைத்து, கையில் பிடித்தபடியே எடுத்தாள். படம் முழுக்கப் புள்ளி. ஆபீசுக்குப் போகிற படம் அழுக்காக இருக்கலாமா என்று துடைத்து அனுப்பினாள். அந்தச் சனிக்கிழமை ஒரு சடங்கு இருந்தது. கார்டில் இடம் வேண்டுமென்று துடைக்காத முதற்படங்களை அழித்தாள்.

ஒரு வாரம் பதில் இல்லை. நேரில் போனாள். வினோஜன் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

"நீங்களே பாருங்கக்கா. சுவரு அழகா இருக்கு. நூல் மாதிரி ஏதோ ஒண்ணு தெரியுது. ஒட்டடைன்னுதான் மேல சொல்லுவாங்க."

"விரல் போகுதுங்க சேர்."

"விரல நான் அனுப்ப ஏலாதுக்கா. படத்தத்தான் அனுப்ப ஏலும். துடைக்காத படம் இருக்கா?"

"அழிச்சிட்டேன்."

அவன் கோபப்படவில்லை. பழைய படம் இருந்திருந்தால் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று ஒப்பிட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னான். அவனிடம் இருந்த படத்தை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி.

அவள் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. தோட்டத்துச் சங்கத் தலைவர் பொன்னையா வினோஜனுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார். படத்தில் வெடிப்பு இல்லை என்று அவன் சொன்னது, வாய் மாறி, வெடிப்பே இல்லை என்று ஆனது. சண்முகவடிவுக்கு அதுவே போதும். "ஆபீசுலயே ஒண்ணுமில்லேன்னுட்டாங்க" என்றாள். யாரோ கினிகத்தேனைக்கும் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் அன்னம்மா மூட்டையோடு திரும்பி வந்தாள். பூரணி வாசலில் போய் மறித்தாள்.

"பெரியம்மா, அந்தப் படம் தப்பு. நான்தான் துடைச்சேன். வெடிப்பு இருக்கு."

"போடி. நீ எடுத்த படத்த நீயே பொய்ங்கிறியா?" என்று சிரித்தாள் அன்னம்மா. "தங்கச்சி வூட்டுல எத்தன நாளைக்கு ஓசிச் சோறு திங்கிறது? ஒரு வாரத்துப் பேரும் போச்சு."

காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

பின்காம்பராவில் வெடிப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் தன் பிழை அவளுக்கு உறைத்தது. அவள் எண்ணை ஏற்றிப் பழகியது ஆட்களுக்காக. பிள்ளை தலையைத் திருப்பும், அத்தைமார் அசைவார்கள். கண் இமைப்பதற்குள் எடுத்தாகவேண்டும். சுவர் எங்கே போகிறது? சுவருக்கு ஏன் அவசரம்? எண்ணை நூறுக்கு இறக்கிவிட்டுக் கெமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்துவைத்தால், அந்த மங்கல் பல்பே சொட்டுச் சொட்டாகப் போதிய ஒளியைத் தந்துவிடும். இரைச்சல் வராது, துடைக்கவும் வேண்டாம். கெமரா மட்டும் அசையக்கூடாது.

அரிசிப் பீப்பாவைச் சுவருக்கு எதிரே உருட்டி வைத்தாள். அதன்மேல் கெமராவை வைத்து மாப்பசையால் ஒட்டினாள். கேஷிகாவின் அடிமட்டத்தை வெடிப்பின் மேல் குறுக்காக வைத்து, வலது பக்கச் சுவர் நகர்ந்தால் தெரியும்படி இடது பக்கத்தை மட்டும் சுவரோடு ஒட்டினாள். கை படாமல் தானே எடுக்கும்படி அமர்த்தினாள்.

"மாமி, நடக்காதீங்க."

"மூச்சு விடலாமா?"

"விடுங்க. நடக்கத்தான் வேணாம்."

படம் வந்தது. சிமெந்தின் ஒவ்வொரு மணலும், அடிமட்டத்தின் ஒவ்வொரு கோடும், நடுவே கறுப்பாக வெடிப்பும். கெமராவை அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, எல்லாரையும் முன்காம்பராவில் படுக்கவைத்தாள். விடிய விடிய மழை. காலையில் அதே இடத்திலிருந்து இரண்டாவது படம் எடுத்தாள்.

கெமராவின் திரையில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு மாற்றினாள். இடது பக்கச் சுவர் அப்படியே நின்றது. வலது பக்கச் சுவர் அடிமட்டத்தின் ஒரு கோட்டு இடைவெளி அளவுக்குக் கீழே குதித்தது. திரும்ப மாற்றினால் மேலே ஏறியது.

பக்கத்துக் காம்பரா இராமையா எட்டிப் பார்த்தார். "மொத ஒட்டடைன்னாங்க. இப்ப பொட்டிக்குள்ள வித்த காட்டுறியாக்கும்."

"நீங்களே அமுக்குங்க மாமா."

அமுக்கினார். திரும்ப அமுக்கினார். ஐந்தாறு தடவை சுவரை இறக்கி ஏற்றிப் பார்த்தார். போய் மாட்டை அவிழ்த்தார்.

அடுத்துச் சண்முகவடிவு அமுக்கினாள். "கடுதாசி?" என்றாள், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல்.

பூரணி படங்களை அனுப்பிய சிறிது நேரத்தில் வினோஜன் போன் பண்ணினான். "அக்கா, மேல அனுப்பிட்டேன். நாளைக்கு ஆள் வரும். அதுவரைக்கும் நிக்காதீங்க, எல்லாரையும் எறக்குங்க. கடிதம் நான் குடுக்க ஏலாது. ஆனா எறங்குங்க."

எல்லாரும் ஸ்கூல் மண்டபத்துக்கு இறங்கினார்கள். சாமி படம், டி.வி., கேஸ் சிலிண்டர், பாய். மேல் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தவர்களிடம் பொன்னையா ஆளனுப்பினார். எட்டாம் நம்பர் மலைக்குப் போன ஆள் திரும்பி வந்து எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்றான். அன்னம்மா காதில் அது விழவில்லை. மழை வலுத்ததால் அவள் முன்னதாகவே கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குறுக்குப் பாதையில் லயத்துக்கு இறங்கிவிட்டாள்.

பின்னேரம் மண்மேடு லயத்தின் மேல் சரிந்து இறங்கியது. மண்டபத்தில் தலைகளை எண்ணியபோதுதான் அன்னம்மா இல்லை என்று தெரிந்தது. அவள் மகன் நிரோஷன் வெறுங்கையால் மண்ணைத் தோண்டினான். நாலு பேர் சேர்ந்து அவனை இழுக்கவேண்டியிருந்தது.

அன்னம்மாவை எடுத்தது மறுநாள். பரிசோதிப்பவர்கள் வந்ததும் அன்றுதான். சரிந்த இடத்தைப் படம் எடுத்துத் தரும்படி பூரணியைக் கேட்டார்கள். வானம் வெளுத்திருந்தது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நூறில் வைத்து எடுத்தாள். ஒரு புள்ளி இல்லாமல் வந்தது: மண், தகரம், தேயிலை வேர்.

நிரோஷன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் நகங்களில் மண் இருந்தது.

"அக்கா, அந்த மொதப் படம், துடைச்சது. இன்னும் இருக்கா?"

"இருக்கு நிரோஷா."

"அத மட்டும் அழிச்சிராதீங்க."

வழக்கு வைக்கக் கேட்டானா, அவளைக் குத்திக்காட்டக் கேட்டானா என்று பூரணிக்கு இன்றுவரை தெரியாது. அவனிடம் கேட்கவும் இல்லை. மண்டபத்தில் ஒரு பாய் அளவு இடத்தில் இருந்துகொண்டு இப்போதும் அவள் சடங்குப் படம் எடுக்கப் போகிறாள். கார்டில் இடம் போதாமல் பல படங்களை அழிக்கிறாள். அந்த ஒன்று மட்டும் இருக்கிறது. பல்பு வெளிச்சத்தில் வழவழப்பாக ஒரு சுவர், அதில் ஒட்டடை போல ஒரு நூல்.