எலிகளும் பத்தியக் கஞ்சியும்

எங்கள் பக்கத்தில் மருந்தைவிடப் பத்தியத்துக்குத்தான் மரியாதை அதிகம். நாட்டுமருந்து குடிக்கிறவர் உப்பும் புளியும் தொடக்கூடாது. தொட்டால் மருந்து முறிந்துவிடும் என்பார்கள். அந்தப் பாழாய்ப்போன பத்தியம்தான் எங்கள் கண்ணை மறைத்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரருக்குத் தென்காசியில் ஒரு மூலிகை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. குற்றால மலையில் பறித்த இலை, பட்டைகளிலிருந்து சாறு இறக்கி, புற்றுக்கட்டி உண்டாக்கிய வெள்ளை எலிகளுக்குப் புகட்டுவார். கட்டி வளர்கிறதா, நிற்கிறதா என்று அங்கிருந்த டாக்டர் பார்ப்பார். எத்தனையோ செடிகள் வந்தன. எலிகள் செத்ததுதான் மிச்சம். இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் கழுத்திலேயே ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்தும் திரும்ப வந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள்.

சாரல் நாளில் ஒரு மத்தியானம், வேட்டியெல்லாம் நனைய ஓடி வந்தார். "ஏட்டி, அந்தக் கொடி வேலை செய்யுது! எலிக்குக் கட்டி வளரவே இல்ல!" என்றார். என்ன கொடி என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் யாராவது அதைத் தேடி மலையேறித் தொலைப்பார்கள்.

டாக்டரிடம் மூச்சுவிடாமல் வீட்டிலேயே கஷாயம் குடிக்க ஆரம்பித்தார். குடலைப் புரட்டும் கசப்பு. நான் உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்தேன். முதலில் பாதியை மிச்சம் வைத்தார், பிறகு வாயில் வைத்ததோடு சரி. எதிர்வீட்டு மதினிக்கு ஒரே ஆச்சரியம். "பத்தியம்னா இப்படில்லா இருக்கணும்! எங்க வீட்டு ஆளும் இருக்காகளே!" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் சட்டை தொளதொளத்தது. ஆனால் கட்டியும் கொஞ்சம் வற்றியிருந்தது. வேறென்ன வேண்டும்? இலஞ்சி முருகனுக்கு நேர்ந்துகொண்டேன்.

அவரால் வேலைக்குப் போக முடியாமல் போனதும் டாக்டர் பார்க்க வந்தார். கஷாயச் சட்டியில் கிடந்த கொடியைப் பார்த்ததும் டாக்டர் முகம் செத்துவிட்டது.

"இதையா குடிக்கிறீங்க? அந்தச் சோதனை தப்பாப் போச்சு. மருந்து கொடுத்த எலிங்க தீனியே தின்னலை. வேற எலிகளுக்கு மருந்தே கொடுக்காம தீனியை மட்டும் குறைச்சுப் பார்த்தேன். அதுங்களுக்கும் கட்டி வளரலை."

எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. கஞ்சிக் கும்பாவை ஒருதடவை பார்த்தார்.

"அப்ப வத்துனது நான்தான், சார்" என்றார்.

டாக்டர் போனதும் என்னிடம், "புளிக்குழம்பு வையி. உப்பு நெறையப் போடு" என்றார். அழுதுகொண்டே புளி கரைத்தேன். ஆசையாக ஒரு வாய் வைத்தார், தொண்டையில் இறங்கவில்லை. துப்பிவிட்டு, "நல்லாத்தான் வச்சிருக்கே" என்றார். அதன் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை.

அவர் போனபின் துட்டி கேட்க வந்த கூட்டத்தில் மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கட்டி கரைஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இவ புளிக்குழம்ப ஊத்தில்லா பத்தியத்த முறிச்சிட்டா."

அவளிடம் போய் எந்த எலியைக் காட்டுவேன்?